லீவில் வந்த சிப்பாயிடம் டோனட்டுக்குக் காசு வாங்கியது சரியா?

வைகைக்கரை:

இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டுத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களில் பலருக்குச் செஞ்சிலுவைச் சங்கம் என்றாலே கசப்பு. போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்தச் சங்கத்துக்கு நன்கொடை தர மறுத்தவர்கள் உண்டு. லீவில் போன இடத்தில் காபிக்கும் டோனட்டுக்கும் படுக்கைக்கும் தங்களிடம் காசு வாங்கிவிட்டார்கள் என்பதுதான் அவர்கள் மனத்தாங்கல்.

நடந்தது இது. 1942-ல் அமெரிக்கப் படைகள் பிரிட்டனில் வந்து இறங்கத் தொடங்கின. லீவு கிடைத்த சிப்பாய் தங்க, சாப்பிட, குளிக்க, நாலு பேரோடு பேச ஊருக்கு ஊர் செஞ்சிலுவைச் சங்கம் கிளப் திறந்தது. இலவசமாக நடத்தத்தான் சங்கத்துக்கு விருப்பம். ஆனால் அந்த ஆண்டு மார்ச்சில் போர்த்துறைச் செயலாளர் ஹென்றி ஸ்டிம்சன், சங்கத் தலைவர் நார்மன் டேவிஸுக்குக் கடிதம் எழுதினார். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் காசு வாங்கச் சொன்னார். பிரிட்டிஷ் சிப்பாய் தன் கேன்டீனில் காசு கொடுத்துச் சாப்பிடும்போது பக்கத்தில் அமெரிக்கனுக்கு மட்டும் சும்மா கிடைத்தால் மனக்கசப்பு வரும் என்பது காரணம். சங்கம் ஆட்சேபித்துப் பார்த்தது, பிறகு ஒத்துக்கொண்டது.

என்னைக் கேட்டால் அது தவறான முடிவு. போர்முனைக்குத் திரும்பிப் போனால் உயிரோடு இருப்போமா என்று தெரியாதவனுக்கு ஒரு காபி சும்மா கொடுக்க எந்தத் தேசத்துக்கும் வசதி இருக்கும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரிசல்மண்:

நான் ஸ்டிம்சன் பக்கம்தான் நிற்கிறேன் அண்ணே. சம்பளத்தைப் பாருங்கள். 1942 நடுவில் கடைநிலை அமெரிக்கச் சிப்பாயின் மாதச் சம்பளம் 50 டாலர் ஆயிற்று. கடல் கடந்து போனவனுக்கு அதற்கு மேலும் படி உண்டு. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அதில் பாதிகூடக் கிடையாது. அவன் சொந்த ஊரிலேயே ரேஷனில் சாப்பிட்டுக்கொண்டு, ராத்திரி குண்டு விழுந்த தெருவில் நடந்து போய், கேன்டீனில் காசு கொடுத்து டீ குடிக்கிறான். வந்தவன் கையில் காசும் அதிகம், சாப்பாடும் இலவசம் என்றால் அந்த ஊரில் எத்தனை நாள் நல்ல பேரோடு இருக்க முடியும்? இரண்டு பேரும் ஒன்றாகக் கடலைத் தாண்டிப் போய்ச் சண்டை போட வேண்டியவர்கள்.

வாங்கிய காசும் அடக்க விலையை ஒட்டித்தான். லாபத்துக்கு யாரும் கடை போடவில்லை.

நூலகத்தான்:

நல்ல கேள்வி எடுத்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் சொன்னது நடந்ததுதான், ஆனால் படம் இன்னும் கொஞ்சம் பெரிது.

முதல் விஷயம், எல்லாவற்றுக்கும் காசு வாங்கவில்லை. கிளப்பில் தங்கினால், உட்கார்ந்து சாப்பிட்டால் காசு. முகாமுக்கே தேடி வந்த வண்டியில் டோனட்டும் காபியும் இலவசம். அந்த வண்டிக்குக் கிளப்மொபைல் என்று பெயர். பிரிட்டனில் பழைய லண்டன் பேருந்துகளை மாற்றி அமைத்தார்கள். உள்ளே டோனட் சுடும் இயந்திரம், காபி அண்டா, ஒலிபெருக்கி வைத்த இசைத்தட்டுப் பெட்டி, மூன்று அமெரிக்கப் பெண்கள். பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் படைகள் இறங்கிய பிறகு, 1944 ஜூலையில், லாரியில் ஏற்றிய கிளப்மொபைல்கள் பிரான்ஸுக்கும் போயின. சகதியில் நிற்கும் வண்டிக்குள் எண்ணெய்ப் புகையில் நின்று மாவு பிசைந்து, பொரித்து, பாத்திரம் கழுவி, முகத்தில் சிரிப்பும் மாறாமல் நின்ற அந்தப் பெண்களைப் பற்றி நம் பக்கம் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கிளப்புகளில் பெரிய பேர் லண்டன் பிக்காடிலி அருகே இருந்த ரெயின்போ கார்னருக்கு. 1942 நவம்பரில் திறந்தார்கள். ராத்திரி பகல் மூடவே இல்லை, திறந்த அன்றைக்கே சாவியைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. அங்கே ஒரு மேஜையில் உட்கார்ந்து சிப்பாய்களுக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் யார் தெரியுமா? அடெல் அஸ்டைர். ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஃபிரெட் அஸ்டைரின் அக்கா, அவரோடு சேர்ந்து மேடையில் ஆடிப் பெரும் பேர் எடுத்தவர். "நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே" என்பதற்கு மேல் எழுதத் தெரியாமல் திணறுகிற பையன்களுக்கு அம்மாவுக்கு என்ன எழுதலாம் என்று எடுத்துச் சொல்லி எழுதினார்.

இரண்டாவது விஷயம் முக்கியம். இந்தக் கோபம் 1942-ல் புதிதாகப் பிறந்தது இல்லை. முதல் உலகப்போரில் இதே கோபத்தை ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் வாங்கிக் கட்டிக்கொண்டது. 1917-ல் பிரான்ஸுக்குப் போன அமெரிக்கப் படையின் தளபதி பெர்ஷிங், சிப்பாய்களை மளிகை விற்க வைக்க விரும்பாமல், முகாம் கடைகளை ஒய்.எம்.சி.ஏ. கையில் கொடுத்தார். கப்பல் கூலி, வண்டிக் கூலி எல்லாம் விலையில் ஏறியது. அதைவிட மோசம், ஊரிலிருந்து அன்பளிப்பாக வந்த சிகரெட் பெட்டிகள் தவறுதலாக விற்பனைச் சரக்கோடு கலந்துவிட்டன. காசு கொடுத்து வாங்கிய பெட்டியைப் பிரித்தால் உள்ளே "எங்கள் வீரனுக்கு அன்புடன்" என்பது போல ஒரு சீட்டு. அந்தச் சிப்பாயின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். பக்கத்திலேயே சால்வேஷன் ஆர்மி, அதாவது நம் இரட்சணிய சேனை. அவர்களிடம் ஆளும் குறைவு, பணமும் குறைவு. 1917-ல் பிரான்ஸில் இரண்டு பெண்கள் ஒயின் பாட்டிலை உருட்டுக்கட்டையாக வைத்து மாவு தேய்த்து, சின்னச் சட்டியில் ஏழு ஏழாகப் பொரித்தார்கள். முதல் நாள் 150 டோனட்தான் தேறியது. ஆனால் போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் வாயில் இருந்தது அவர்கள் பேர்தான்.

பட்டாளத்துமகள்:

நூலகத்தான் ஐயா, நீங்கள் சொன்ன சிகரெட் பெட்டியில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. காசு பெரிதாக இருந்திருக்காது. அந்தச் சங்கத்துக்கு அவன் அம்மாவே உண்டியலில் காசு போட்டிருப்பாள், அவன் தங்கையே சாக்ஸ் பின்னிக் கொடுத்திருப்பாள். வீட்டில் கொடுத்ததைத் தனக்கே விற்கிறார்கள் என்று நினைத்திருப்பான். கணக்குப்படி அப்படி இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவனிடம் யாரும் கணக்குக் காட்டவில்லையே. ஸ்டிம்சன் எழுதிய கடிதம் கிளப் சுவரில் ஒட்டியிருந்தால் அவன் திட்டுவதற்கு ராணுவத்தைத் திட்டியிருப்பான்.

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். 1971 போரின்போது ரயிலில் போகையில் நின்ற ஸ்டேஷன்களில் எல்லாம் ஜனங்கள் ஜன்னல் வழியாகப் பூரியும் டீயும் நீட்டினார்கள் என்று சொல்லுவார். பாஷை தெரியாத ஊர். தலையில் முக்காடு போட்ட ஒரு பெரியம்மா, பெஞ்சில் இருந்த ஒவ்வொருவர் கையிலும் பூரியைத் திணித்துவிட்டு, சாப்பிடும் வரை ஜன்னலை விட்டு நகரவில்லையாம்.

ஆனால் போர் இல்லாத காலத்தில் லீவில் வந்தால் கதை வேறு. பட்டா மாற்றத்துக்கு ஒரு அலுவலகம், தம்பி படிப்புக்குச் சான்றிதழ் வாங்க இன்னொரு அலுவலகம் என்று லீவு பூராவும் அலைந்துதான் தீர்ந்தது. நாளைக்கு வா என்று சொல்பவருக்கு அப்பாவின் லீவில் இன்னும் எத்தனை நாள் மீதி என்று தெரியாது. இப்போது மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, பணியில் இருப்பவர் குடும்பமும் போகலாம். இது தெரியாத குடும்பங்கள் கிராமத்தில் இன்னும் நிறைய. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொருநை:

அக்கா சொன்ன பூரிக் கதையைப் படித்ததும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் நார்த் பிளாட் என்ற ஊர்தான் ஞாபகம் வந்தது. பன்னிரண்டாயிரம் பேர் இருந்த சின்ன ரயில் ஊர். 1941 டிசம்பர் 17 அன்று நெப்ராஸ்கா பையன்கள் இருக்கும் ராணுவக் கம்பெனி ரயிலில் வருகிறது என்று கேள்விப்பட்டு ஊரே பழம், கேக், சிகரெட்டோடு ஸ்டேஷனில் திரண்டது. வந்தது கான்சாஸ் மாநிலத்துக் கம்பெனி! ஒரு கணம் என்ன செய்வது என்று நின்றார்கள், அப்புறம் கொண்டு வந்ததை எல்லாம் அந்தப் பையன்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ரே வில்சன் என்ற இளம்பெண், மருந்துக்கடையில் வேலை பார்த்தவர், இதை எல்லா ரயிலுக்கும் செய்யலாமே என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்துமஸ் அன்றே தொடங்கிவிட்டார்கள்.

1946 ஏப்ரல் 1 வரை ஒரு நாள் விடாமல் நடந்தது. சுமார் 60 லட்சம் படையினர். ரயில் நிற்பதே பத்து, பதினைந்து நிமிடம். அதற்குள் சாண்ட்விச், முட்டை, பால், காபி, பத்திரிகை. அன்றைக்குப் பிறந்தநாள் என்று சொன்னவனுக்கு முழு கேக். அரசாங்கப் பணம் கிடையாது. சுற்றியிருந்த 125 ஊர்களின் பெண்கள் முறை வைத்து வந்தார்கள். சர்க்கரைக்கும் காபிக்கும் ரேஷன் இருந்த காலம் அது, தங்கள் பங்கிலிருந்துதான் கொடுத்தார்கள்.

யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. கரிசல்மண் என்ன சொல்கிறீர்கள்?

கரிசல்மண்:

அருமையான ஊர், மனசாரச் சொல்கிறேன். ஆனால் நார்த் பிளாட்டில் பக்கத்து மேஜையில் காசு கொடுத்துச் சாப்பிட்ட பிரிட்டிஷ் சிப்பாய் இல்லை. அதனால் என் வாதம் அப்படியேதான் இருக்கிறது.

நான் வேறு ஒன்று சொல்ல வருகிறேன். டீயும் டோனட்டும் பேசுகிறோம், லீவையே பேசவில்லை. சேவை அமைப்புகள் என்னதான் செய்தாலும் லீவு கொடுப்பது தளபதி கையில் இருக்கிறது. பிரெஞ்சுப் படையைப் பாருங்கள். 1914-ல் போர் தொடங்கியதும் லீவை நிறுத்திவிட்டார்கள், சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, 1915 ஜூலையில்தான் முறையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவும் தாக்குதல் வந்தால் ரத்து. 1917 ஏப்ரலில் வட பிரான்ஸில் ஷெமான் தே தாம் என்ற இடத்தில் நடத்திய தாக்குதல் தோற்று ஆயிரக்கணக்கில் செத்த பிறகு, படையில் ஏறக்குறைய பாதி டிவிஷன்களில் கீழ்ப்படிய மாட்டோம் என்று கிளம்பினார்கள். அவர்கள் கேட்டவற்றில் முன்வரிசையில் இருந்தது லீவு. போரை விட்டு ஓடுகிறோம் என்று பெரும்பாலோர் சொல்லவில்லை. அகழியைக் காப்போம், வீணான தாக்குதலுக்குப் போக மாட்டோம், எங்கள் லீவைக் கொடுங்கள் என்றார்கள்.

புதிய தளபதி பெத்தாங் பொறுப்புக்கு வந்து ஒரு கையால் தண்டித்தார், சுமார் 50 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இன்னொரு கையால் நாலு மாதத்துக்கு ஒரு முறை ஏழு நாள் லீவு என்று உறுதி செய்தார். ரயில் ஸ்டேஷன்களில் கேன்டீன், படுக்கை, கழுவ இடம் எல்லாம் வந்தன. அதுவரை லீவில் போகிறவன் குளிரில் பிளாட்பாரத்தில் சுருண்டு கிடந்தான். அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

சொந்த ஊர் ஜெர்மன் பிடியில் இருந்த வடக்குப் பகுதிச் சிப்பாய்களுக்கு லீவு கிடைத்தாலும் போக வீடு இல்லை. அவர்களுக்காகத்தான் 1915-ல் 'போர்க்கால ஞானத்தாய்' ஏற்பாடு வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் கடிதம் எழுதுவாள், பொட்டலம் அனுப்புவாள், லீவு வந்தால் தன் குடும்பத்தோடு வந்து தங்கச் சொல்லுவாள்.

பொருநை:

சரி, நம் ஆட்கள் விஷயம்? முதல் போரில் பிரான்ஸுக்குப் போன இந்தியச் சிப்பாய்களுக்கு லீவு எங்கே கொடுத்தார்கள்?

நூலகத்தான்:

அதைக் கேட்டால் மனசு கனத்துவிடும் தம்பி. 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் வீடு. பஞ்சாபிலிருந்தோ கர்வாலிலிருந்தோ வந்தவனுக்கு அந்த ஏற்பாடே இல்லை. காயம் பட்டால் ஊருக்கு அனுப்புவார்கள் என்று நம்பினார்கள். ஆறியவர்களைத் திரும்பவும் முன்னணிக்கே அனுப்பியபோது அந்த நம்பிக்கையும் போயிற்று. 1915-ல் தணிக்கைக்குப் போன கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குறை இதுதான்.

இங்கிலாந்தில் பிரைட்டன் அரண்மனையை அவர்களுக்கு மருத்துவமனை ஆக்கியது எல்லோருக்கும் தெரியும். மதம், சாதி பார்த்து ஒன்பது சமையலறை, தனித்தனித் தண்ணீர்க் குழாய். அக்கறையோடுதான் செய்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அதே ஊரில் இந்தியர்களுக்கான கிச்சனர் மருத்துவமனையைச் சுற்றி முள்கம்பியும் காவலும் போட்டார்கள், நோயாளிகளும் ஊழியர்களும் இஷ்டப்படி ஊருக்குள் போகக் கூடாது என்று. வெள்ளைக்காரப் பெண்களோடு பழகிவிடுவார்களோ என்ற பயம். தன் ராஜாவுக்காகக் கையோ காலோ இழந்தவன் கடற்கரையில் தனியாக நடக்கக் கூடாது.

இந்தியப் படையோடு ஒய்.எம்.சி.ஏ. செயலர்கள் பிரான்ஸுக்கும் மெசபடோமியாவுக்கும் (இன்றைய இராக்) போனார்கள். மத போதனை செய்யக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டுதான் போனார்கள். அவர்கள் கூடாரத்தில் கிராமபோன், கால்பந்து, டீ எல்லாம் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததுதான் அவர்கள் செய்ததிலேயே பெரியது என்பேன். 1916-ல் அந்த அமைப்புக்கு இந்திய அளவில் பொதுச்செயலர் ஆனவர் நம் சேலத்தில் பிறந்த கே.டி.பால். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை ஆட்கள் மெசபடோமியாவில் இருந்தார்கள். தமிழ்க் கைகளும் அந்தக் கூடாரத்தில் டீக் குவளையைப் பிடித்திருக்கும்.

வைகைக்கரை:

நூலகத்தான் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1918 பிப்ரவரியில் பிரான்ஸில் ஏ-லே-பேன் என்ற வெந்நீர் ஊற்று ஊரில் அமெரிக்கப் படைக்கு லீவு மையம் திறந்தார்கள். பணக்காரர்கள் உடம்பு தேற்ற வரும் ஊர், நல்ல ஹோட்டல், சூதாட்ட மாளிகை முழுவதும் ஒய்.எம்.சி.ஏ. கையில். அகழியிலிருந்து பேனோடு வந்தவனுக்குத் தொட்டி நிறைய வெந்நீர், வெள்ளைத் துணி விரித்த படுக்கை, காலையில் எழுப்ப ஆள் இல்லை. அங்கே வாசிக்க வரவழைத்தது கறுப்பினச் சிப்பாய்களின் 369-வது ரெஜிமென்ட் பாண்டு, ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்பவர் தலைமையில். கேட்டவர்கள் மயங்கிப் போனார்கள். ஆனால் கறுப்பினச் சிப்பாய் லீவில் போக அந்த ஊர் கிடையாது, பிறகு ஷாம்பெரி, ஷால்-லே-ஸோ பக்கம் தனியாக ஏற்பாடு செய்தார்கள். இரண்டாம் போரில் பிரிட்டனிலும் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினத்தவருக்குத் தனிக் கிளப்தான் நடத்தியது.

காசு வாங்கியதை நினைத்து வருந்துகிறவன், இதற்கும் சேர்த்துத்தான் வருந்த வேண்டும்.

மலைக்காட்டான்:

வியட்நாம் பற்றியும் ஒரு வரி. அங்கே அமெரிக்கச் சிப்பாயை ஒரு வருடப் பணியில் ஐந்து நாள் லீவுக்கு விமானத்தில் ஏற்றி விடுவார்கள். பாங்காக், ஹாங்காங், தைபே, 1967 அக்டோபரிலிருந்து சிட்னி. கல்யாணம் ஆனவர்கள் பெரும்பாலும் ஹொனலுலு போய் மனைவியைப் பார்த்தார்கள். பாங்காக்கிலும் பட்டாயாவிலும் அந்த லீவுக் காசு வளர்த்துவிட்ட தொழிலின் பாரத்தை அந்நாட்டுப் பெண்கள் சுமந்தார்கள். சிப்பாய் நலன் என்று பேசும்போது அவன் போய் இறங்கிய ஊரின் நலனையும் பேச வேண்டும்.

நூலகத்தான்:

உண்மை. அதனால்தான் நல்லபடியாக நடத்திய ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், காசு பற்றிய கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது.

பெல்ஜியத்தில் ஈப்ர் போர்முனைக்குப் பின்னால் பொப்பரிங்க என்ற ஊர். 1915 டிசம்பர் 11 அன்று டப்பி கிளேட்டன் என்ற பாதிரியார் அங்கே ஒரு ஹாப்ஸ் (பியரில் சேர்க்கும் பூ) வியாபாரியின் பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துத் திறந்தார். பெயர் டால்பட் ஹவுஸ். அந்த ஜூலையில் செத்துப் போன கில்பர்ட் டால்பட் என்ற இளம் அதிகாரியின் நினைவாக. உள்ளே வருகிறவர் பதவியை வாசலோடு விட்டுவிட வேண்டும் என்று போர்டு. ஜெனரலும் சிப்பாயும் ஒரே மேஜையில் டீ குடித்தார்கள், அந்தக் கால பிரிட்டிஷ் படையில் இது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். நூலகத்தில் புத்தகம் வேண்டுமா? தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்துப் போ. தொப்பி இல்லாமல் வெளியே போனால் தண்டனை என்பதால் புத்தகம் தவறாமல் திரும்பி வந்துவிடும். இன்னொரு சுவரில் நண்பர்களைத் தேடுகிற பலகை. இன்ன ரெஜிமென்ட், இன்னார், எங்கே இருக்கிறாய் என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். பதில் வராத பெயர்களும் அதில் இருந்திருக்கும். மாடியில், ஹாப்ஸ் உலர்த்தும் பரணில், தச்சன் பட்டறைப் பலகையைப் பலிபீடமாக வைத்து ஒரு ஜெப அறை. விருப்பம் உள்ளவர் ஏறலாம், கட்டாயம் இல்லை.

காசு? அதிகாரி என்றால் படுக்கைக்கு ஐந்து பிராங்க். உள்ளவனிடம் வாங்கி இல்லாதவனுக்குக் கொடுப்பது என்று வெளிப்படையாகச் சொல்லியே வாங்கினார்கள். அதற்கு, லீவு ரயிலில் ராத்திரி ஒரு மணிக்கு வந்து இறங்குபவருக்குச் சூடான கோகோவும் பிஸ்கட்டும் காத்திருக்கும். விடியற்காலையில் ரயில் ஏறுபவருக்கு டீ. இதை வைத்து யாரும் சண்டைக்கு வரவில்லை.

கரிசல்மண்:

இது எனக்கு ஏற்புடையது. எல்லோரிடமும் ஒரே விலை என்பதைவிட, உள்ளவன் கொடுக்கட்டும் என்பது நியாயம். அக்கா சொன்ன மாதிரி காரணத்தை வெளிப்படையாகச் சொல்லியும் வாங்கினார்கள். லண்டனில் இரண்டில் ஒன்றையாவது செய்திருக்கலாம். ஆனாலும் முழு இலவசம் அங்கே முடியாது என்பதில் மாற்றம் இல்லை.

வைகைக்கரை:

காபியும் டோனட்டுமாவது இலவசமாக இருந்திருக்கலாம் என்பதில் நானும் மாறவில்லை. படுக்கைக்கு வேண்டுமானால் வாங்கியிருக்கட்டும்.

பட்டாளத்துமகள்:

பர்மா முனை பற்றி யாருக்காவது தெரியுமா? அப்பாவின் பெரியப்பா அங்கே இருந்தவர். டீ கொண்டு வந்து கொடுத்த வெள்ளைக்காரப் பெண்களைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

நூலகத்தான்:

அவர்கள் வாஸ்பிகளாக இருக்கலாம் அம்மா. பர்மா பெண்கள் துணைப்படை, 1942-ல் உருவானது, தலைவி திருமதி நினியன் டெய்லர். நடமாடும் கேன்டீனில், பர்மாவில் சண்டை போட்ட பிரிட்டிஷ் 14-வது படையின் பின்னாலேயே போனார்கள். டீ, பன், பற்பசை, பிளேடு, எழுதக் காகிதம். காடும் மலேரியாவும் அவர்களுக்கும்தான். பெரியப்பா எந்த ரெஜிமென்ட், எந்த வருடம் என்று வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள், எந்தப் பக்கம் இருந்தார் என்று தேடிப் பார்க்கலாம்.

பட்டாளத்துமகள்:

டிரங்குப் பெட்டி அத்தை வீட்டில் இருக்கிறது ஐயா. பொங்கலுக்குப் போகும்போது பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.